அமெரிக்க முன்னாள் படைவீரரான மாமாவின் இயலாமைக் கொடுப்பனவு மேன்முறையீடு ‘ரிமாண்ட்’ என்று திரும்பி வந்திருக்கிறது. இனி என்ன செய்வது?

எங்கள் வீட்டிலும் இதே கடிதம் வந்தது. அத்தான் அமெரிக்க இராணுவத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர், இப்போது யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஓய்வாக இருக்கிறார். காது கேளாமைக்கு விண்ணப்பித்திருந்தார். “ரிமாண்ட் என்று போட்டிருக்கு” என்று அவர் சொன்னதும் அக்கா பதறிவிட்டா. “ஐயோ, உங்களை என்னத்துக்குப் பிடிக்கப் போறாங்கள்?” நம் ஊரில் ரிமாண்ட் என்றால் விளக்கமறியல்தானே!

உங்கள் மாமா தோற்கவில்லை, வெல்லவும் இல்லை. அவருடைய கோவையில், அதாவது விண்ணப்பக் கோப்பில், ஒரு ஓட்டை இருக்கிறது, அடைத்துவிட்டுத் திரும்ப முடிவெடுங்கள் என்று மேன்முறையீட்டுச் சபை, முதலில் முடிவெடுத்த கீழ் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறது, அவ்வளவுதான். கடிதத்தின் பின்பகுதியைப் பாருங்கள். என்ன ஓட்டை என்று அங்கே இருக்கும்.

அத்தானைப் பரிசோதித்த மருத்துவர், ‘படையை விட்டு விலகும்போது காது சரியாக இருந்தது, ஆகவே சேவையால் வந்ததல்ல’ என்று இரண்டே வரியில் முடித்திருந்தார். அதை மட்டும் வைத்து மறுக்க முடியாது என்று 1993இலேயே ஹென்ஸ்லி என்ற படைவீரரின் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் சொல்லியாயிற்று. அதனால் சபை புதிய மருத்துவக் கருத்துக் கேட்டது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. கூட இருந்து பார்த்தவர்கள் எழுதித் தருவதும் அங்கே சான்றுதான். அக்கா எழுதினா: கலியாணமான நாளிலிருந்து தொலைபேசியை இடது காதில்தான் வைப்பார், நல்லூரில் மேளம் வலப்பக்கம் அடித்தால் இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பார். எந்த மருத்துவ அறிக்கையையும் விட இந்த இரண்டு வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். முதல் முடிவு 2019 பெப்ரவரி 19க்கு முந்தியது என்றால், பழைய முறைப்படி கோவை தானாகவே சபைக்குத் திரும்பும். அதற்குப் பிந்தியது என்றால் திரும்பாது. கீழ் அலுவலகம் புது முடிவு தரும். அதுவும் மறுப்பு என்றால் ஒரு வருடத்துக்குள் புதிய சான்றோடு விண்ணப்பிக்கலாம், மேலதிகாரியின் மறுஆய்வு கேட்கலாம், இல்லையேல் மறுபடி சபைக்கே போகலாம். அந்த ஒரு வருடத்தை விட்டால், முதல் விண்ணப்பத் திகதியிலிருந்து சேரவேண்டிய நிலுவைப் பணம் போய்விடும்.

அப்புறம், பரிசோதனைக்கு அழைத்தால் தவறவே கூடாது. அத்தானுக்கு அந்த அழைப்பு விடியப்புறம் மூன்று மணிக்கு வந்தது, அங்கே அப்போது பின்நேரம். தொலைபேசி அவர் தலைமாட்டில்தான் கிடந்து அடித்தது. அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து எடுத்தது அக்கா.