‘மானிட்டர் ஒர்க் ஆகலை’ என்று மட்டும் எழுதினால் போதாது

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் பயோமெடிக்கல் இன்ஜினியராக (மருத்துவக் கருவிகளைப் பராமரிப்பவராக) இருக்கிறேன். எங்கள் பிரிவில் நான் ஒருவன்தான். பழுது வந்தால் வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்களில் போட்டோ போட்டுக் கேட்கிறேன். பல நேரம் பதிலே வருவதில்லை. வந்தாலும் நம்பலாமா என்று தெரியவில்லை. படம் போடுவதே தப்பு என்கிறார் மேலதிகாரி. என்ன செய்ய?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: குரூப்பை விட்டுவிடாதீர்கள். தனியாக வேலை பார்ப்பவருக்கு அது பெரிய துணை. ஆனால் மேலதிகாரியின் கவலையும் நியாயமானதே.

நோயாளியின் இதயத் துடிப்பு, பிபி போன்றவற்றைக் காட்டும் மானிட்டரின் திரையில், மேல் ஓரத்தில் அவருடைய பெயர், யுஹெச்ஐடி (மருத்துவமனை தரும் அடையாள எண்), படுக்கை எண் எல்லாம் இருக்கும். மெஷினை நோயாளியிடமிருந்து எடுத்து, திரையில் அவரை டிஸ்சார்ஜ் செய்து (அவர் விவரங்களை நீக்கி), நோயாளிக்குப் பதிலாக சிக்னல் தரும் சிமுலேட்டரை மாட்டியபின் படம் எடுப்பதுதான் சரி. முடியாவிட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். ஹைலைட்டரால் கிறுக்கி மறைக்காதீர்கள்; பிரைட்னஸைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடும். படத்தை டாக்குமென்டாக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகக்கூடும். அலாரம் சத்தத்துக்காக வீடியோ எடுக்கும்போது, பின்னால் நர்ஸ் நோயாளியைப் பெயர் சொல்லி அழைப்பதும் பதிவாகிவிடும். சர்வீஸ் பாஸ்வேர்டு, ஐபி முகவரி இரண்டும் எந்தக் குரூப்பிலும் வேண்டாம். இவ்வளவையும் எழுதிக் கொடுத்து நிர்வாகத்திடம் எழுத்திலேயே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் கேள்விதான். ‘பிபி வரலை, யாராவது சொல்லுங்க’ என்றால் அனுபவசாலிக்குப் பிடி கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘இந்த மாடல், இந்த சாஃப்ட்வேர் பதிப்பு. என்ஐபிபி-யில் (கையில் பட்டை கட்டிப் பிபி பார்க்கும் பகுதியில்) ஏர் லீக் எரர். இதே கஃப்பும் (கைப்பட்டை) ஹோஸும் (காற்றுக் குழாய்) வேறு மானிட்டரில் சரியாக ஓடுகின்றன. லீக் டெஸ்ட்டில் 250 மி.மீ. பாதரச அழுத்தத்திலிருந்து நிமிடத்துக்கு 20 மி.மீ. இறங்குகிறது.’ நிமிடத்துக்கு 6 மி.மீ.-க்குமேல் இறங்கக் கூடாது என்பது இதைப் படிப்பவருக்குத் தெரியும். கஃப், ஹோஸ் இரண்டும் நல்லவை என்பதால், கனெக்டரின் ஓ-ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), உள்ளே போகும் டியூப், வால்வு என்று அவர் நேராக வந்துவிடுவார். எரர் கோடு திரையில் உள்ளபடியே இருக்கட்டும். ஆன் செய்ததும் வருகிறதா, ஓடும்போது வருகிறதா என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

வந்த பதிலைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் மேனுவலோடு ஒத்துப்பாருங்கள். ஓ-ரிங் மாற்றியதும் நேராக வார்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. லீக் டெஸ்ட்டை மறுபடி செய்யுங்கள். ரெஃபரன்ஸ் மானோமீட்டரை (ஒப்பிட்டுப் பார்க்கும் அழுத்தமானியை) இணைத்து 50, 150, 250 மி.மீ.-யில் ஒப்பிடுங்கள், வித்தியாசம் 3 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். அழுத்தம் பெரியவர் மோடில் 300-ஐயும் பச்சிளங்குழந்தை மோடில் 150-ஐயும் தாண்டாமல் கட்-ஆஃப் ஆகிறதா என்பதையும் பாருங்கள். பெட்டியைத் திறந்திருந்தால் எர்த் ரெசிஸ்டன்ஸ் (எர்த் இணைப்பின் மின்தடை), லீக்கேஜ் கரன்ட் (மின்கசிவு) சோதனைகளும் கட்டாயம். பவர் கார்டோடு சேர்த்து எர்த் ரெசிஸ்டன்ஸ் 0.3 ஓமுக்குமேல் போகக் கூடாது.

சில யோசனைகளை எத்தனை பேர் ஆமோதித்தாலும் ஏற்காதீர்கள். ‘சென்சாரை பைபாஸ் பண்ணுங்க’, ‘அலாரம் ஒயரைக் கழற்றிடுங்க’ போன்றவை நோயாளியின் உயிரோடு விளையாடும் வேலை. இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரின் கெப்பாசிட்டரை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யச் சொன்னால், போகப்போவது உங்கள் உயிர். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

மெஷினால் நோயாளிக்குப் பாதிப்பு ஏற்பட்டாலோ, ஏற்பட இருந்து தப்பினாலோ, அது முதலில் போக வேண்டிய இடம் குரூப் அல்ல. மெஷினைத் தனியே எடுத்துவைத்து, செட்டிங், லாக் எதையும் அழிக்காமல், மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். காசியாபாத்தின் இந்திய மருந்தியல் ஆணையம் 2015 முதல் இதை நடத்துகிறது. கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அதற்குமுன் கம்பெனி பெயரைச் சொல்லி லிங்க்ட்இனில் எழுத வேண்டாம்.

பழுது சரியானதும், எந்த பாகம், என்ன பார்ட் நம்பர், மாற்றியபின் லீக் எவ்வளவு என்பதை அதே கேள்விக்குக் கீழே பதிவிடுங்கள். அடுத்த முறை கேட்கும்போது பதில் சீக்கிரம் வரும்.