31 இன்னிங்ஸ் கேட்சராக நின்றவர் யார்?

1981-ல் நடந்த, தொழில்முறை பேஸ்பால் வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டத்தில் ராச்செஸ்டர் அணிக்கு 31 இன்னிங்ஸ் கேட்சராக நின்று, பிற்காலத்தில் மைனர் லீக் அணிகளுக்கு மேலாளராகவும் பணியாற்றியவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் நினைவில் இல்லை என்றும், பன்றி முகம் பொறித்த தொப்பியுடன் அவரை ஒரு படத்தில் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயர் டேவ் ஹப்பர்ட். (பேஸ்பாலில் இரு அணிகளும் ஒருமுறை மாறி மாறி மட்டை பிடிப்பது ஒரு இன்னிங்ஸ்; பந்து வீசும் பிட்சரின் பந்தை மட்டையாளருக்குப் பின்னால் குந்திப் பிடிப்பவர் கேட்சர்; அணியை வழிநடத்துபவர் மேலாளர்; பெரிய லீக்குக்குக் கீழ்நிலையில் உள்ளவை மைனர் லீக்குகள்.)

இந்தக் கேள்விக்குப் பலரும் டாக் எட்வர்ட்ஸ் என்று பதில் சொல்வதுண்டு. முன்பு ஒரு நண்பருக்கு நானும் அப்படித்தான் சொன்னேன். பிறகு அந்த ஆட்டத்தின் ஸ்கோர் பட்டியலை வரிவரியாகப் படித்துத் திருத்திக்கொண்டேன். குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அன்று ராச்செஸ்டர் ரெட் விங்ஸ் அணியின் மேலாளராக இருந்த எட்வர்ட்ஸும் ஒரு காலத்தில் கேட்சர்தான். 1960-களில் கிளீவ்லாந்து, கான்சாஸ் சிட்டி, நியூயார்க் யாங்கீஸ் அணிகளுக்கு ஆடியவர், பின்னாளில் 1987 முதல் 1989 வரை கிளீவ்லாந்தின் பெரிய அணியையே நடத்தியவர். எதிரணியான பாட்டக்கெட் ரெட் சாக்ஸுக்கு அன்று முதலில் கேட்சராக இறங்கிய ரிச் கெட்மனும் பிற்காலத்தில் மேலாளரானார். ஆனால் அவர் நடத்திய வூஸ்டர் டொர்னேடோஸ் எந்தப் பெரிய அணியோடும் இணைப்பு இல்லாத சுயேச்சை லீக்கைச் சேர்ந்தது. ஆக, ஒரே ஆட்டத்தோடு தொடர்புடைய மூன்று கேட்சர்கள் மேலாளர்களாகியிருக்கிறார்கள். 31 இன்னிங்ஸ் என்ற நீங்கள் சொன்ன எண்ணிக்கைதான் மூவரில் ஒருவரைச் சந்தேகமின்றிப் பிரித்துக் காட்டுகிறது; ஏனெனில் எட்வர்ட்ஸ் அன்று ஆடவில்லை, பாட்டக்கெட் தரப்பிலோ கெட்மனும் ரோஜர் லாஃபிராங்கோவும் அந்த வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆட்டம் ஏப்ரல் 18 சனிக்கிழமை இரவு, ரோட் ஐலண்டு மாநிலத்தின் பாட்டக்கெட் நகரில், மெக்காய் ஸ்டேடியத்தில், விளக்குகள் சரியாக எரியாததால் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. வழக்கமாக ஆட்டம் முடிய வேண்டிய ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 1-1 என்று சமமாக இருந்தது. 21-வது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் முன்னிலை பெற்றபோது பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் அதையும் சமன் செய்துவிட்டார். நள்ளிரவு தாண்டிய பிறகு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்ற விதி நடுவர்களின் கையில் இருந்த பிரதியில் அச்சாகாமல் போனதால், நிறுத்தும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று அவர்கள் ஆட்டத்தைத் தொடரவிட்டார்கள். குளிர் தாங்காமல் வீரர்கள் உடைந்த மட்டைகளை எரித்துக் கைகளைச் சூடேற்றிக்கொண்டார்கள். லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து அனுமதி வாங்கி, ஈஸ்டர் ஞாயிறு அதிகாலை 4 மணி 7 நிமிடத்துக்கு, 32 இன்னிங்ஸ் முடிந்து 2-2 என்ற நிலையில் ஆட்டத்தை நிறுத்தியபோது, தொடக்கத்தில் இருந்த 1,740 பார்வையாளர்களில் மிஞ்சியவர்கள் 19 பேர். மீதி ஆட்டம் ஜூன் 23 அன்று 18 நிமிடங்களில் முடிந்தது. 33-வது இன்னிங்ஸில் டேவ் கோசா அடித்த அடியில் பாட்டக்கெட் 3-2 என்று வென்றது.

அந்த இரவில் கேட்சர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பாரம் முழுமையாகப் புரியாது. கேட்சர் ஒவ்வொரு பந்துக்கும் முழங்காலை மடக்கிக் குந்துகிறார், பிட்சர் அடுத்து எந்த வகைப் பந்தை எங்கே வீச வேண்டும் என்று விரல்களால் சைகை காட்டுகிறார், மட்டையில் உரசித் திசைமாறி வரும் பந்துகளைத் தோளிலும் தொடையிலும் வாங்குகிறார், பிறகு மறுபடி குந்துகிறார். சாதாரண ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்திலேயே இது நூறு தடவைக்கு மேல் நடக்கும். ஹப்பர்ட் செய்தது அப்படிப்பட்ட மூன்று முழு ஆட்டங்களும் அதற்கு மேல் நான்கு இன்னிங்ஸும். பிட்சர்கள் களைத்தால் மாற்றப்பட்டார்கள்; அவர்களுடைய பந்தை வாங்கியவர் 31 இன்னிங்ஸ் வரை அவர் ஒருவரே. பின்னாளில் பெரிய லீக்கில் புகழ்பெற்ற கால் ரிப்கன் ஜூனியரும் வேட் பாக்ஸும் அன்று மைதானத்தில் இருந்தார்கள் என்பதைத்தான் எல்லாரும் நினைவுகூர்கிறார்கள். எனக்கோ அந்த ஆட்டம் முதலாவதாக ஹப்பர்டின் முழங்கால்களுக்குச் சொந்தமானது.

பெரிய லீக்கின் பதிவேட்டில் மட்டும் தேடினால் அவரை நீங்கள் தவறவிட்டிருப்பீர்கள். 1983-ல் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கும் 1985-ல் மில்வாக்கி பிரூவர்ஸுக்கும் சேர்த்து அவர் ஆடியவை 17 ஆட்டங்கள். 21 முறை மட்டை பிடித்து ஒரே ஒரு ஹிட் (வெற்றிகரமான அடி), சராசரி .048. இந்த எண்களைப் பார்ப்பவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஆனால் களத்தில் மற்ற எட்டுப் பேரும் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டை நோக்கி நிற்க, கேட்சர் ஒருவர் மட்டுமே முழு மைதானத்தையும் எதிரே வைத்துப் பார்க்கிறார். யார் எங்கே நகர வேண்டும், பிட்சரின் கை எப்போது தளர்கிறது, நடுவர் எந்தப் பந்தை ஏற்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தினசரிப் பாடம். மட்டையால் பெயர் வாங்காத பல கேட்சர்கள் மேலாளர்களாவதற்கு இதையே முதன்மைக் காரணமாக நான் கருதுகிறேன். ஹப்பர்டும் அப்படியே மைனர் லீக்கில் பல ஆண்டுகள் அணிகளை நடத்தினார். 2006-ல் லேக்வுட் புளூகிளாஸ் அணி அவருடைய தலைமையில் சவுத் அட்லாண்டிக் லீக் பட்டத்தை வென்றது.

நீங்கள் பார்த்த பன்றி முகத் தொப்பி லீஹை வேலி அயர்ன்பிக்ஸ் அணியுடையது. பென்சில்வேனியாவின் பழைய எஃகு ஆலைப் பகுதியில் பிறந்த அணி என்பதால், உலையிலிருந்து வரும் கச்சா இரும்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை முன்பின்னாக மாற்றி அப்படிப் பெயர் வைத்தார்கள். பெரிய லீக் அணியான பிலடெல்பியா ஃபிலீஸின் டிரிப்பிள் ஏ (மைனர் லீக்கின் மேல்மட்ட) அணியான அது 2008-ல் ஆலன்டவுனில் ஆடத் தொடங்கியபோது அதன் முதல் மேலாளர் ஹப்பர்ட். 2010 வரை அவரே நீடித்தார், 2011-ல் ரைன் சாண்ட்பெர்க் அந்தப் பொறுப்புக்கு வந்தார். 2008-ல் அணி தன் முதல் 11 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது, அந்தப் பருவத்தில் 55 வெற்றி, 89 தோல்வி. ஆகவே உங்கள் படத்தில் பன்றி முகத் தொப்பியுடன் இருப்பவர் ஹப்பர்ட் என்றால், அது 2008-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட மூன்று பருவங்களில் ஒன்றில் எடுக்கப்பட்டது. 1981-ஆம் ஆண்டுப் படமாக அது இருக்க முடியாது.