இப்போது ஆள் இல்லை

அன்புள்ள ஐயா,

சீனாவின் சியான் நகரில் இருக்கும் கல் வரைபடத்தைப் பற்றிப் படித்தேன். 1136இல் நூறு லீக்கு (லீ என்பது சீனத் தூர அளவு) ஒரு கட்டம் என்று கோடு போட்டு, ஆறுகளையும் கடற்கரையையும் அவ்வளவு சரியாகச் செதுக்கியவர்கள், பிறகும் ஏன் மலைகளை ஓவியமாகவே வரைந்துகொண்டிருந்தார்கள்? பின்தங்கிவிட்டார்கள் என்று சொல்லலாமா? தங்கள் நாட்டை நடுவில் வைத்தது ஆணவம்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நடுவில் வைத்ததை விடுங்கள். 1602இல் பெய்ஜிங்கில் அச்சான உலகப் படத்தில் இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சியும் சீனாவை நடுப்பக்கமாக நகர்த்தித்தான் வைத்தார்.

'பின்தங்கிவிட்டார்கள்' என்ற சொல்தான் கோபமூட்டுகிறது. இவ்வளவு படிக்கிற நீங்கள் இப்படிக் கேட்கலாமா? மேடும் வளைவுமான வழியில் நடந்த தூரத்தை அப்படியே படத்தில் இறக்கக் கூடாது, நேர்த்தூரமாகத் திருத்த வேண்டும் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே சீன வரைபட வல்லுநர் பெய் சியூ விதி வகுத்துவிட்டார். சீனத்தில் 'தூ' என்றால் வரைபடம், ஓவியம், திட்டமிடுவது எல்லாமே. எதற்கு வரைகிறோமோ அதற்கேற்ற 'தூ'. கட்டம் இல்லையென்றால் அறிவு இல்லை என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?

உங்கள் கடிதம் வந்தபோது, ஒரு வாரமாக வேறொரு படத்தின் நகலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1973இல் சாங்ஷா அருகே மாவாங்துய் கல்லறையில் கிடைத்த படைப் படம். கி.மு. 168இல் ஒரு பிரபுவின் மகனோடு, அரக்குப் பெட்டியில் வைத்துப் புதைத்தது. பட்டுத் துணி, மூன்று வண்ணம், தெற்கு மேலே. தென்திசையில் நான்யுவே அரசு. அந்த எல்லையைக் காக்கும் படை எங்கெங்கே நிற்கிறது என்று காட்டத்தான் வரைந்திருக்கிறார்கள். ஆனால் ஊர்களைப் பாருங்கள். ஊர்ப்பெயர், பக்கத்தில் எத்தனை வீடு என்ற கணக்கு, அப்புறம் சின்னதாக ஒரு குறிப்பு: 'இப்போது ஆள் இல்லை.' இன்னோர் ஊருக்கு: 'திரும்பவில்லை.' சில ஊர்களைப் பக்கத்து ஊரோடு சேர்த்தாயிற்று என்றும் இருக்கிறது.

படை நடத்துகிறவனுக்குக் காலி ஊர் என்று தெரிந்தால் போதும், சரி. பிறகு ஏன் வீட்டுக் கணக்கையும் விடாமல் எழுதினான்? ஆள் போன பிறகும் அந்த எண்ணை அவன் அடிக்கவில்லையே! ஒரு வாரமாக என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. இந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு அளவு சரியா தப்பா என்று கேட்க எப்படி மனம் வரும்?

நகல் தேடினால் கிடைக்கும். ஆள் இல்லாத ஊர்களை மட்டும் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், தம்பி.