வலிக்காத கட்டி

கேள்வி: காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறேன். வயது 43. போன மாதம் குளிக்கும்போது இடது மார்பில், அக்குளை ஒட்டி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "வலிக்காத கட்டி ஒன்றும் செய்யாது" என்கிறார். ஊசி குத்திப் பார்த்தால் புற்றுநோய் பரவிவிடும் என்றும் சொல்கிறார்கள். தடைக்காலம் முடிந்து வீட்டுக்காரர் இப்போதுதான் கடலுக்குப் போக ஆரம்பித்திருக்கிறார், கையில் காசு இல்லை. ஆடியில் கூழ் ஊற்றிய பிறகு டாக்டரிடம் போனால் போதாதா?
- வாசகி, காசிமேடு

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர், தண்டையார்பேட்டை):

போதாது தங்கச்சி. இந்த இதழ் கைக்குக் கிடைத்த மறுநாள் காலையிலேயே ஸ்டான்லிக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்கி, அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், ஆனால் அவர் கரைக்குத் திரும்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனை என்பதால் காசுக்காகவும் தள்ளிப்போட வேண்டாம். முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள்.

வலி இல்லை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு உறுத்தியது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதே சமயம், மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயும் இல்லை. நீர்க்கட்டியாக இருக்கலாம், சாதாரண நார்க்கட்டியாக இருக்கலாம். எது என்று தொட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்ல, 30 வருடம் வார்டில் நின்ற என்னாலும் முடியாது.

என் சொந்த அக்காவுக்கு இது வந்தது. மகள் கல்யாணம் முடியட்டும் என்று 11 மாதம் மறைத்தாள். தங்கை நர்ஸ், ஒரே தெருவில் இருக்கிறேன், என்னிடமும் சொல்லவில்லை. ஜாக்கெட்டுக்குள் துணியை மடித்து வைத்திருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். அதற்குள் தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழிகுழியாகி, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பேரனைப் பார்க்க அவள் இல்லை. முன்பே காட்டியிருந்தால் சிகிச்சையும் சின்னதாக முடிந்திருக்கும் என்ற நினைப்பு இன்றும் எனக்குப் போகவில்லை.

ஊசி குத்தினால் பரவும் என்பது தவறு. அந்தச் சோதனை இல்லாமல் அது புற்றுநோயா, என்ன வகை, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று டாக்டருக்குத் தெரியாது. அதற்கு முன் உங்கள் வயதுக்கு மேமோகிராமும் ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள். மேமோகிராமில் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே அழுத்துவார்கள். சில நொடி கஷ்டம், அவ்வளவுதான். அன்று மட்டும் அக்குளில் பவுடர் போடாதீர்கள், படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து குழப்பும். ஆண் டாக்டராக இருந்தால், பக்கத்தில் ஒரு நர்ஸ் நிற்கட்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

மார்பை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு தொடங்கி ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், அப்போது மார்பு இளகியிருக்கும். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். ஐஸில் இறால் உரித்து மரத்துப்போன விரலோடு பார்க்காதீர்கள். கை சூடேறட்டும். அப்புறம் படுத்துக்கொண்டு, நடுவில் உள்ள மூன்று விரல்களின் சதைப்பகுதியால், காறை எலும்பிலிருந்து மார்புக்குக் கீழே வரைக்கும், அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரைக்கும், மேலும் கீழுமாக லேசாகவும் அழுத்தியும் தடவிப் பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று தோல் சுருக்கம், காம்பில் ரத்தக் கசிவு, புதிதாக ஒரு பக்கம் வடிவம் மாறியது இவற்றைக் கவனியுங்கள்.

ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. ஷாங்காய் நகரில் 2,60,000க்கும் மேற்பட்ட நெசவாலைப் பெண்களில் பாதிப் பேருக்குச் சுயபரிசோதனை கற்றுக்கொடுத்துப் பல வருடம் கவனித்தார்கள். கற்றவர்களிடையே மரணம் குறையவில்லை. மும்பையில் டாடா மருத்துவமனை சுமார் 1,50,000 பெண்களை 20 வருடம் கவனித்தது. அங்கே பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்த குழுவில், 50 வயது தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதனால்தான் உங்களோடு வேலை செய்யும் பெண்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 30 வயதைத் தாண்டியவர்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை கேளுங்கள், கட்டி இல்லாவிட்டாலும்.

ஸ்டான்லிக்குப் போகும்போது அந்தப் பக்கத்து வீட்டு அக்காவையும் துணைக்குக் கூட்டிப் போங்கள். அவரும் தன்னைக் காட்டிக்கொண்டு வரட்டும். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.