அமெரிக்காவுல ஸ்டேட் கவர்மெண்ட்டோட ஃபயர் இன்ஜினை ஒரு சிட்டி எதுக்குக் கடன் வாங்கி வச்சுக்குது? சொந்தமா வாங்க முடியாதா?

கலிஃபோர்னியாவைப் பத்தித்தான் கேக்குறீங்கன்னு எடுத்துக்கிறேன், ஏன்னா எனக்குத் தெரிஞ்சது அந்த ஊர் கதைதான். நான் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுத்தி இருக்கிற பே ஏரியாவுல கிழக்குப் பக்கம் மலையடிவாரத்துல ஒரு சின்ன சிட்டில பதினோரு வருஷமா இருக்கேன். ஃபயர் டிபார்ட்மெண்ட்ல வேலையெல்லாம் இல்ல, எல்லாரையும் போல சாஃப்ட்வேர்தான். ஆனா பொதுமக்களுக்கு பேரிடர் சமயத்துல என்ன செய்யணும்னு சொல்லிக்குடுக்கிற செர்ட் பயிற்சின்னு ஒண்ணு நடத்துவாங்க, அதுல சேர்ந்ததால எங்க ஊர் ஸ்டேஷனுக்குள்ள அடிக்கடி போயி வர்ற வாய்ப்பு கிடைச்சுது.

முத தடவை போனப்பவே கண்ணுல பட்டது. ஷெட்டுல மூணு வண்டி நிக்குது, ரெண்டுல எங்க சிட்டி பேரு, மூணாவதுல மட்டும் ஓ.ஈ.எஸ்.னு போட்டு ஒரு நம்பர். என்னடா இது, பக்கத்து ஊர் வண்டி ரிப்பேருக்கு வந்திருக்கான்னு கேட்டேன். அங்க இருந்த கேப்டன் சிரிச்சுட்டு, இது ஸ்டேட்டோட வண்டி, நாங்க வச்சுக் காப்பாத்துறோம்னாரு.

சாத்தூர்ல வளர்ந்த எனக்கு இது புரியவே கொஞ்ச நேரமாச்சு. நம்ம ஊர்ல ஃபயர் சர்வீஸ்ங்கிறது மொத்தமும் மாநில அரசுதான். சிவகாசி பக்கம் பட்டாசு ஆலையில தீப்பிடிச்சா சாத்தூர் வண்டியும் வரும், விருதுநகர் வண்டியும் வரும், திருவில்லிபுத்தூர் வண்டியும் வரும், யாரும் யாருக்கும் கடன் குடுக்கல, எல்லாம் ஒரே டிபார்ட்மெண்ட், ஒரே யூனிஃபார்ம். அமெரிக்காவுல அப்படி இல்ல. தீயணைப்பு உள்ளூர் சமாச்சாரம். சிட்டிக்கு ஒரு டிபார்ட்மெண்ட், நம்ம மாவட்டம் மாதிரி இருக்கிற கவுன்ட்டிக்கு ஒண்ணு, சில இடத்துல ரெண்டு மூணு ஊர் சேர்ந்து வரி போட்டு நடத்துற தனி டிஸ்ட்ரிக்ட், காட்டுப் பகுதிக்கு கால் ஃபயர்னு மாநிலத்தோடது, தேசிய வனத்துக்கு ஃபெடரல்னு ஏகப்பட்ட பேர் இருக்காங்க. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சிட்டி, அந்தப் பக்கம் வேற சிட்டி, ரெண்டுக்கும் வேற வேற சீஃப். தீக்கு மட்டும் அந்த எல்லைக்கோடு தெரியாது இல்லையா, அதான் பிரச்சனையே.

அதுக்குத்தான் 1950ல எல்லா ஊரையும் சேர்த்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, மாஸ்டர் மியூச்சுவல் எய்ட் அக்ரிமெண்ட்னு பேரு. அப்ப கவர்னர் எர்ல் வாரன், பின்னாடி சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ஆனாரே அதே ஆளு. அதுக்கு முந்தின வருஷம்தான் ரஷ்யாக்காரன் அணுகுண்டு வெடிச்சுக் காட்டியிருந்தான், கொரியாவுல போர் வேற ஆரம்பிச்சிடுச்சு, எந்த நேரமும் நகரம் மேல குண்டு விழலாம்னு பயந்துக்கிட்டு இருந்த காலம். குண்டு விழல. அந்தப் பயத்துல கட்டின ஏற்பாடு காட்டுத்தீக்கும் பூகம்பத்துக்கும் இன்னைக்கு வரைக்கும் உழைக்குது. சாரம் இவ்வளவுதான்: பக்கத்து ஊர் கூப்பிட்டா போகணும், ஆனா உன் ஊரைக் காலியா விட்டுட்டுப் போகணும்னு கட்டாயம் இல்ல. போற இடத்துல அந்த ஊர்க்காரன்தான் பொறுப்பு, நீ உதவிக்கு வந்தவன்.

இப்ப வண்டி கதைக்கு வர்றேன். எல்லா ஊரும் தன் சொந்த வண்டியையே அனுப்பிட்டா உள்ளூர்ல ஒரு வீடு பத்திக்கிட்டா என்ன பண்றது? அதனால கவர்னரோட அவசரகாலச் சேவை ஆபீஸ், அதாவது கால் ஓ.ஈ.எஸ்., தானே வண்டி வாங்கி மாநிலம் பூரா ஊர் ஊரா நிறுத்தி வைக்குது. கடன்னு சொல்றதை விட, நம்ம ஊர்ல பசுவை வாரத்துக்கு விடுவாங்களே அந்த மாதிரின்னு சொன்னா சரியா இருக்கும். மாடு ஒருத்தரோடது, கட்டி வச்சு தீனி போடுறது இன்னொருத்தர், பாலை வளர்க்கிறவங்க கறந்துக்கலாம், ஆனா சொந்தக்காரங்க கேட்டா குடுக்கணும். இங்கயும் அப்படியே. வண்டி ஸ்டேட்டோடது. ஷெட்டு, அன்னாட பராமரிப்பு, ஓட்ட ஆளு எல்லாம் சிட்டியோடது. சிட்டியோட சொந்த வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டா இதை எடுத்து ஓட்டிக்கலாம், பெரிய தீ வந்தா கூடுதல் வண்டியா இறக்கலாம், புதுப் பசங்களுக்கு டிரெய்னிங் குடுக்கலாம். ஆனா ஸ்டேட் கூப்பிட்டா ஆளோட கிளம்பணும். ரெண்டு தடவை மூணு தடவை ஆள் இல்லைனு சொல்லிக்கிட்டே இருந்தா வண்டியைத் திருப்பி எடுத்து வேற ஊருக்குக் குடுக்க ஸ்டேட்டுக்கு உரிமை இருக்கு.

சொந்தமா வாங்க முடியாதான்னு கேட்டிருக்கீங்க. முடியும், எல்லா சிட்டியும் சொந்த வண்டி வச்சிருக்கத்தான் செய்யுது. ஆனா ஒரு புது இன்ஜின் இன்னைக்கு ஒரு மில்லியன் டாலரைத் தொடுது, ஆர்டர் குடுத்தா கைக்கு வர ரெண்டு மூணு வருஷம் ஆகுது. 1978ல புரொப்போசிஷன் 13ங்கிற சட்டம் வந்ததுல இருந்து சொத்து வரியை இஷ்டத்துக்கு ஏத்த முடியாதுங்கிறதால சின்ன சிட்டிங்க கையைக் கடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டுது. அதனால ஸ்பேர் வண்டி சும்மா வருதுன்னா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

சும்மாவான்னா, சும்மா இல்ல, அதைத்தான் நிறைய பேர் புரிஞ்சுக்கிறது இல்ல. எங்க சிட்டி கவுன்சில் மீட்டிங்ல ஒருத்தர் எழுந்து, நம்ம வரிப்பணத்துல சம்பளம் வாங்குறவங்க ஏன் நானூறு மைல் தள்ளிப் போயி வேற ஊரைக் காப்பாத்தணும்னு சத்தம் போட்டாரு. பாதி நியாயம் இருக்கு. வண்டி நகர்ந்தா அதோட நாலு பேர் போறாங்க, 14 நாள் வரைக்கும் கூட வெளிய இருப்பாங்க, அந்த நாலு பேர் இடத்துக்கு லீவுல இருக்கிறவங்களைக் கூப்பிட்டு ஓவர்டைம் குடுக்கணும். முதல் 12 மணி நேரத்துக்குள்ள வேலை முடிஞ்சு திரும்பிட்டா காசே கிடையாது, அது பக்கத்து வீட்டுக்குக் குடுத்த தயிர் மாதிரி. நாள் கணக்குல நீண்டு, தீ மாநில அரசோட நிலத்துலயோ ஃபெடரல் அரசோட நிலத்துலயோ எரிஞ்சா தனி ஒப்பந்தப்படி சம்பளத்தையும் மத்த செலவையும் கணக்கு எழுதி வாங்கிக்கலாம். மீதிப் பாதிக்கு பதில் என்னன்னா, நம்ம மலை பத்திக்கிட்டு எரியிறப்ப அந்த நானூறு மைல்காரன் இங்க வர்றான். மொய் மாதிரிதான், செய்யாம இருந்துட்டு நம்ம வீட்டு விசேஷத்துக்கு மட்டும் எதிர்பார்க்க முடியாது.

கூப்பிடுற விதமும் சொல்றேன், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சுது. சிட்டியால சமாளிக்க முடியலைனா கவுன்ட்டில ஒரு கோஆர்டினேட்டர் இருப்பாரு, அவருகிட்ட போகும். கவுன்ட்டியும் பத்தலைனா ரீஜியன், மொத்தம் 58 கவுன்ட்டியை ஆறு ரீஜியனா பிரிச்சு வச்சிருக்காங்க. அதுவும் பத்தலைனா சாக்ரமெண்டோ பக்கம் மேத்தர்ல இருக்கிற ஸ்டேட் ஆபீஸ். வண்டிங்க ஒத்தையா போகாது, ஒரே ரக இன்ஜின் அஞ்சு, முன்னாடி ஒரு லீடர் தனி வண்டியில, இதுக்கு ஸ்ட்ரைக் டீம்னு பேரு. ரகம்ங்கிறது முக்கியம். டைப் 1னா ஊருக்குள்ள கட்டடத் தீக்கு, நிமிஷத்துக்கு 1000 காலன், கிட்டத்தட்ட 3800 லிட்டர் தள்ளணும். டைப் 3னா காட்டுத்தீக்கு, பம்பு சின்னது, ஆனா குறைஞ்சது 500 காலன் தண்ணியைத் தானே சுமந்துக்கிட்டு மண் ரோட்டுல ஏறும். வீட்டைக் காக்க டைப் 1 கேட்டவனுக்கு டைப் 3 அனுப்பினா வேலைக்கு ஆகாது, அதனால கேக்குறப்பவே எந்த ரகம்னு சொல்லிக் கேப்பாங்க.

இதெல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். 1970ல தெற்கு கலிஃபோர்னியாவுல வரிசையா பத்தி எரிஞ்சப்ப 16 பேர் செத்தாங்க, 700க்கும் மேல வீடு போச்சு, உதவிக்கு வந்தவங்களுக்குள்ளயே யாரு சொல்றதை யாரு கேக்குறதுன்னு தெரியாம ஆளாளுக்கு ஓடினாங்க. அதுல இருந்துதான் இன்சிடெண்ட் கமாண்ட் சிஸ்டம்ங்கிற முறையே வந்துச்சு. அப்புறம் 1991 அக்டோபர் 20, இதே பே ஏரியாவுல இருக்கிற ஓக்லாண்ட் மலை. முந்தின நாள் அணைச்சுட்டோம்னு நினைச்ச புல்லுத் தீ ஞாயித்துக்கிழமை காத்துல திரும்பக் கிளம்பி, 25 பேர் செத்து, கிட்டத்தட்ட 3000 வீடு எரிஞ்சு போயிடுச்சு. அக்கம்பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் வண்டி வந்து குவிஞ்சுது. வந்தவங்க ஹோஸை எடுத்து ஹைட்ரண்ட்ல, அதாவது தீயணைக்க ரோட்டோரம் வச்சிருக்கிற தண்ணிக் குழாயில, மாட்டப் பாத்தா மாட்ட முடியல! ஓக்லாண்ட் ஹைட்ரண்ட் வாய் 3 இன்ச், மத்த ஊர்க்காரங்க கொண்டு வந்தது ரெண்டரை இன்ச். நடுவுல போடுற அடாப்டர் எல்லார் கையிலயும் இல்ல. மலை எரியுது, குழாய்கிட்ட நிக்குறான், அரை இன்ச்சுல கோட்டை விடுறான்னா நினைச்சுப் பாருங்க. ரேடியோவும் ஒருத்தரோடது இன்னொருத்தருக்குச் சரியா எடுக்கல. எங்க கேப்டன் அப்ப ஹைஸ்கூல் பையனாம், ஆனா இன்னைக்கும் பயிற்சி வகுப்புல மேஜை மேல ரெண்டு பித்தளைக் கப்ளிங்கை வச்சு, ஒண்ணை ஒண்ணுல மாட்டச் சொல்லி குடுப்பாரு. நானும் ஒரு நிமிஷம் திருகிப் பாத்தேன், உள்ள போயி லொடலொடன்னு ஆடுது, மரை பிடிக்கவே இல்ல. சின்னதுதானே, துணியைச் சுத்தி மாட்டிடலாம்னு ஒருத்தர் சொன்னாரு, பிரஷர்ல அது பீரங்கிக் குண்டு மாதிரி வந்து மூஞ்சியில அடிக்கும்னு கேப்டன் சிரிக்காமச் சொன்னாரு.

1904ல பால்டிமோர் எரிஞ்சப்பவும் இதே கூத்துதான், வாஷிங்டன்ல இருந்தும் பிலடெல்ஃபியாவுல இருந்தும் வந்த இன்ஜினோட ஹோஸ் அங்க பொருந்தல. 87 வருஷம் கழிச்சும் அதே தப்பு. ஓக்லாண்டுக்கு அப்புறம்தான் எல்லா ஏஜென்சியும் ஒரே முறையில வேலை செய்யணும்னு மாநிலச் சட்டமே வந்துச்சு.

2020 ஆகஸ்ட் 16, ஞாயித்துக்கிழமை விடியக்காலை இங்க இடி இடிச்சுது. இந்த ஊர்ல கோடையில இடிங்கிறது அபூர்வம், நாங்கல்லாம் பால்கனில நின்னு ஊர் ஞாபகத்துல ரசிச்சுக்கிட்டு இருந்தோம், மழை ஒரு சொட்டு இல்ல. அந்த மின்னல்ல மாநிலம் பூரா நூத்துக்கணக்குல தீ கிளம்பிடுச்சு, எங்க கிழக்கு மலையில பிடிச்சது மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் ஏக்கர். எல்லா ஊரும் ஒரே நேரத்துல உதவி கேட்டா யாரு யாருக்குக் குடுக்கிறது? மொய் எழுத எல்லாரும் வந்து பந்தியில இலை போட ஆள் இல்லாத கதை. வெளி மாநிலத்துல இருந்தெல்லாம் வண்டி வரவழைச்சாங்க. எங்க ஓ.ஈ.எஸ். வண்டி முத நாளே போயிடுச்சு, செப்டம்பர் 9ம் தேதி பகல்லயே வானம் ஆரஞ்சு கலர்ல இருண்டு கிடந்துச்சே, அன்னைக்கு ஸ்டேஷன் வழியா போனப்பவும் அந்த மூணாவது ஷெட்டு காலியாத்தான் கிடந்துச்சு. தரையில எண்ணெய்க் கறை மட்டும். அதுக்கு நடுவுல வந்து திரும்பவும் போச்சா, இல்ல போனது போனதுதானான்னு கேக்க எனக்கு மனசு வரல, உள்ள இருந்தவங்க மூஞ்சியைப் பாத்தா தூங்கி நாளாச்சுன்னு தெரிஞ்சுது.

கமெண்ட்ல யாராவது கேப்பீங்க, வண்டியை வாங்கிக் குடுத்துட்டா ஆச்சான்னு. அதான் சிக்கலே, வண்டி வாங்குறது சுலபம், ஓட்ட நாலு பேர் வேணும். ஆள் பத்தாததால ஸ்டேட் வண்டி இருந்தும் நிக்கிற ஊர்களும் இருக்கத்தான் செய்யும்.

போன அக்டோபர்ல ஸ்டேஷன் ஓப்பன் ஹவுஸ். வருஷா வருஷம் குழந்தைகளுக்கு பான்கேக் சுட்டுக் குடுப்பாங்க. என் பையன் ஓ.ஈ.எஸ். வண்டியில ஏறி ஹாரன் அடிக்கணும்னு ஒரு வாரமா சொல்லிக்கிட்டே இருந்தான், போயி பாத்தா வண்டி இல்ல, அந்த இடத்துல மடக்கு டேபிள் போட்டு சிரப் பாட்டிலை வரிசையா வச்சிருந்தாங்க. கேப்டன்கிட்ட கேட்டேன், எங்க போயிருக்குன்னு. தெற்கேன்னாரு. எப்ப வரும்? பான்கேக்கைத் திருப்பிப் போட்டுக்கிட்டே, வந்ததும் டேபிளை எடுத்துருவோம்னாரு.