குடித்தால் திக்கல் போகுமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது. சின்ன வயதிலிருந்தே திக்குவாய். இரண்டு பெக் போட்டால் மட்டும் தடையில்லாமல் பேச்சு வருகிறது. அடுத்த வாரம் வேலைக்கு நேர்காணல். கொஞ்சம் குடித்துவிட்டுப் போனால் தப்பா? கஞ்சா இன்னும் நல்லது என்கிறான் நண்பன். அம்மாவோ வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொல்கிறார்.

ஆர்.

அன்புள்ள தம்பி,

கூழாங்கல்லை விடுங்கள். அந்த நண்பனையும் விடுங்கள். குடித்துவிட்டுப் போகாதீர்கள், வாடையே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ‘தடையில்லாமல் வருகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது பொய். எனக்கு அது தெரியும்.

தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்தேன். சனிக்கிழமை சொந்த ஊரான பாப்பாநாட்டுக்கு பஸ் ஏறுவேன். கண்டக்டர் நெருங்க நெருங்க ‘பா’வில் உதடு ஒட்டிக்கொள்ளும். “ஒரத்தநாடு” என்று டிக்கெட் வாங்கி, அங்கேயே இறங்கி, மீதித் தூரத்தை இருட்டில் நடப்பேன். பஸ் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்வேன்.

கல்லூரியில் முதல்முறை குடித்த இரவு விடிய விடியப் பேசினேன். மறுநாள் அறை நண்பனிடம் “எப்படிப் பேசினேன்?” என்று பெருமையாகக் கேட்டேன். “நேத்தும் திக்கினடா. உனக்குத்தான் தெரியல” என்றான்.

குடி நாக்கைச் சரிசெய்வதில்லை தம்பி. திக்கிவிடுவோமோ என்ற பயத்தைக் கொஞ்ச நேரம் மழுக்குகிறது, அவ்வளவுதான். போதை இறங்கும்போது அந்தப் பதற்றம் முன்னைவிடக் கூடுதலாக ஏறும். காலையில் வகுப்பில் “உள்ளேன் ஐயா” கூட வராது. அதற்காக மறுபடி குடித்தேன். மூன்று வருடம் போனது.

திக்கல் நம் கோழைத்தனத்தால் வருவதல்ல. பேச்சுத் தசைகளை மூளை ஒருங்கிணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு அது, பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது. அதை ஒளிக்கப் படும் பாடுதான் நாமே தலையில் ஏற்றிக்கொண்டது. வராத சொல்லை விட்டு வேறு சொல்லைச் சொல்வது, போன் அடித்தால் எடுக்காமல் இருப்பது, ஒரத்தநாட்டில் இறங்குவது, இப்போது உங்கள் இரண்டு பெக், எல்லாம் ஒன்றுதான். ஒவ்வொரு முறை ஒளிக்கும்போதும் அடுத்த முறை பயம் கூடும். படித்த பிள்ளை, இது புரிய வேண்டாமா?

பேச்சுச் சிகிச்சையாளர் (ஸ்பீச் தெரபிஸ்ட்) ஒருவரைப் பாருங்கள். மைசூரில் இதற்கென்றே அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் இருக்கிறது. எனக்குப் பயிற்சி கொடுத்த பெண்மணி, முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் செய்து வேண்டுமென்றே திக்கச் சொன்னார். கை நடுங்கியது. இருபதாவது அழைப்பில் நடுக்கம் நின்றது.

சரி, நேர்காணல். உட்கார்ந்ததும் “எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாப்பாநாடு என்று டிக்கெட் கேட்டபோது எனக்கு வயது 31. ‘பா’ வர நெடுநேரம் ஆனது. கண்டக்டர் காத்திருந்தார்.