ஊசி இறங்க ஏன் இத்தனை நேரம்?

பக்கவாதத்தில் ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி பற்றி வந்த கேள்விகளும் ஒரு நரம்பியல் மருத்துவரின் பதில்களும்.

கேள்வி: நோயாளி அரை மணியில் வந்துவிடுகிறார். ஊசி இறங்க ஒன்றரை மணி நேரம். எங்கே போகிறது நேரம்? – கேஷுவாலிட்டி செவிலியர்

வரிசையில் போகிறது. சீட்டு, இ.சி.ஜி., ரத்தம், ரிசல்ட், அப்புறம் சி.டி., அதற்கும் அப்புறம்தான் எங்களுக்கு போன். ஊசிக்கு முன் தெரிந்தே ஆக வேண்டியவை: கடைசியாக நன்றாக இருந்த நேரம் (அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஊசி இறங்க வேண்டும்), சர்க்கரை, ரத்த அழுத்தம், மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று சொல்லும் சாதாரண சி.டி. மற்றவை கூடவே நடக்கட்டும். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் வாசலிலிருந்து ஊசிவரை 1998-ல் 105 நிமிடம், 2011-ல் 20. ஆம்புலன்ஸ் வழியிலேயே தகவல் தந்தது, அதே ஸ்ட்ரெச்சரில் நேரே சி.டி.க்குப் போனார்கள், அந்த மேசையிலேயே ஊசி போட்டார்கள். புது மருந்து ஒன்றுமில்லை.

கேள்வி: ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்), பிளேட்லெட் ரிசல்ட் வராமல் போடப் பயமாக இருக்கிறது, சார். – பயிற்சி மருத்துவர்

வார்ஃபரின், ஹெப்பாரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கல்லீரல் நோய், ரத்தப்போக்கு நோய் என்று சந்தேகம் இருந்தால் காத்திருங்கள், ஐ.என்.ஆர். 1.7-ஐத் தாண்டினால் போடக் கூடாது. சந்தேகமே இல்லாதவருக்கு எதற்குக் காத்திருப்பு? கட்டி கரைக்கும் மருந்து இரண்டு: ஆல்டிப்ளேஸ் என்றால் ரிசல்ட் மோசமாக வந்தால் டிரிப்பை நிறுத்திவிடலாம். டெனக்டிப்ளேஸ் ஒரே தள்ளில் போய்விடும், அதை நிறுத்த முடியாது.

கேள்வி: பி.பி. 210/110. என்ன செய்வது?

185/110-க்குக் கீழே வர வேண்டும். அழுத்தத்தைக் குறைக்கும் லேபெட்டலால் 10 மி.கி. சிரை (ரத்தக்குழாய்) வழியாக, 1–2 நிமிடத்தில் மெதுவாக. தேவைப்பட்டால் இன்னொரு முறை. ஆம்பூலைத் தேடி ஃபார்மஸிக்கு ஆள் ஓடுவதுதான் பல இடங்களில் உண்மையான தாமதம், சி.டி. அறைக்குப் போகும் டிரேயிலேயே இருக்கட்டும். நிபெடிபின் என்ற பி.பி. மருந்தை நாக்கடியில் வைக்க வேண்டாம், அழுத்தம் தடாலென்று விழும்.

கேள்வி: அப்பா காலை 6 மணிக்கு எழுந்தபோதே கை தூக்க முடியவில்லை. 6 மணி என்று சொல்லலாமா? – மகன்

கூடாது, தம்பி. இரவு படுக்கப் போனபோது நன்றாக இருந்தாரே, அந்த நேரத்தைச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. வசதி இருந்தால் அதைப் பார்த்து ஊசி போட இன்னும் வழி உண்டு. வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்: கசிவாகவும் இருக்கலாம், விழுங்கும்போது புரையும் ஏறலாம்.

கேள்வி: ஆல்டிப்ளேஸ் கொடுப்பதில் எங்கே தவறு நடக்கிறது?

எடையில். உறவினர் சொன்ன கிலோவை நம்பாதீர்கள். ஸ்ட்ரெச்சரோடு நிறுத்து, ஸ்ட்ரெச்சர் எடையைக் கழியுங்கள். கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90. 60 கிலோவுக்கு 54 மி.கி.: 5.4 ஒரு நிமிடத்தில் போலஸ் (முதல் தள்ளு), மீதி 48.6 ஒரு மணி நேரத்தில். கலக்கும்போது குலுக்கினால் நுரைக்கும், சுழற்றினால் போதும். போலஸ் போட்டுவிட்டு பம்ப் தேடப் போகாதீர்கள், இந்த மருந்து ரத்தத்தில் 5 நிமிடத்திலேயே பாதியாகிவிடும். பம்பை முன்பே ஓட்டத் தயாராக வையுங்கள். பாட்டில் காலியானதும் டியூபைக் கழற்றுவது இன்னொரு தவறு: பல மி.லி. மருந்து டியூபிலேயே நிற்கும். அதே வேகத்தில் சலைன் ஓட்டி உள்ளே தள்ளுங்கள்.